யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு

பெட்டிக்குள் விட்ட கையில் காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. வெண்மதி மேடம் அலட்சியமாக அதை வெளியே எடுத்தார்.

போன மாதம் திறந்தபோது இரண்டு சாக்லேட் உறையும், 'மாடி ஃபேன் ரொம்ப கத்துது' என்று ஒரு சீட்டும் இருந்தன. இதுவும் ஃபேனாகத்தான் இருக்கும் என்று மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் பிரித்தார். முதல் வரியைத் தாண்டியதும் கண்ணாடியைத் தேடினார்.

'மேடம், உங்க குரல் கேட்டாலே எனக்கு வயிறு கலக்குது. நீங்க கீழ இருந்தா நான் மேல போயிடறேன். நீங்க மேல வந்தா கீழ வந்துடறேன். ரெண்டு வருஷமா சரியா தூக்கம் இல்ல. வேலையை விட்டுட்டுப் போகவும் வழியில்ல. ஒரே ஒரு நாள் சிரிச்ச முகமா பேசுனீங்கன்னா போதும்.'

பெயர் இல்லை. இடது கையால் எழுதியதுபோல் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

முதலில் மேடத்துக்குக் கோபம்தான் வந்தது. "எவன்டா அது?" என்று வாய்வரை வந்துவிட்டது. கடை திறக்கிற நேரம், ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். பிறகு 'வயிறு கலக்குது' என்ற வரியை இன்னொரு முறை படித்தார். காது மடல் சுட்டது. சீட்டை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தார்.

செஞ்சி கடைவீதியில் பச்சமுத்து ஜவுளி மாளிகை என்றால் வெண்மதி மேடம்தான். பெயர்தான் வெண்மதி, ஆள் சித்திரை மாதத்து நடுப்பகல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தளவானூரிலிருந்து பஸ் ஏறிப் புடவை மடிக்க வந்தவர், இன்றைக்கு மேனேஜர். மாடி ஜன்னலில் நின்றால் ராஜகிரி முழுசாகத் தெரியும். ஆனால், வேலை நேரத்தில் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்ப்பவர்களை மேடம் பார்த்துவிடுவார். வீட்டிலும் அதே குரல்தான். கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அங்கே யாரும் குறை சொன்னதில்லை.

பெட்டி வைக்க ஆசைப்பட்டவர் சின்ன முதலாளி எழிலன். அப்பா பச்சமுத்து காலமானதும் சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தவர். முப்பத்துநாலு வயது. சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை.

"பெட்டி இன்னாத்துக்கு சார்? குறை இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்" என்றார் மேடம்.

"அதில்ல மேடம், சில பேருக்குக் கூச்சமா இருக்கும்..."

"கூச்சப்படறவங்க ஜவுளிக்கடைக்கு ஏன் வேலைக்கு வராங்க?"

எழிலன் தலையாட்டினார். மேடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தானே ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டார். சாவியை மேடத்திடமே கொடுத்தார். "மாசக் கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம் மேடம். உங்களுக்குச் சரின்னா."

இன்றைக்கு மாசக் கடைசி. விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும் எழிலன் நாலு மணிக்குத் திரும்புவார். வந்ததும் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்பார்.

அதட்டுகிற முதலாளியைச் சமாளிக்கலாம். வாயே திறக்காத முதலாளி மனசில் என்ன நினைக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? இந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "மேடம், நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டால்? ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு எந்தக் கடைக்குப் போவது?

நாலு மணிக்குள் எழுதிய ஆளைக் கண்டுபிடித்து, சமாதானப்படுத்தி, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

ஆட்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தவர்கள். 'ரெண்டு வருஷமா' என்று எழுதியிருப்பதால் மிச்சம் மூன்று பேர். புடவைப் பிரிவு ஜெயக்கொடி, பில் போடும் கோதண்டராமன், மாடியில் சட்டைப் பிரிவு ஆனந்தராஜ்.

மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. மூவருக்கும் ஆளுக்கொரு தாளை நீட்டினார்.

"பேரு, ஊரு, ரத்தப் பிரிவு எழுதிக் குடுங்க. இடது கையால."

"இடது கையாலயா மேடம்?" என்றார் கோதண்டராமன்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

ஏன் ரத்தப் பிரிவு, ஏன் இடது கை என்று யாரும் கேட்கவில்லை. குனிந்து எழுதினார்கள். தாள்களை வாங்கிப்போய் ஸ்டாக் ரூமில் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார் மேடம். மூன்றும் சீட்டு மாதிரியே கோணலாக இருந்தன. ஆனந்தராஜ் ரத்தப் பிரிவுக்கு நேரே 'தெரியாது, மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஜெயக்கொடி ஸ்டாக் ரூம் வாசலில் வந்து நின்றாள். முந்தானை நுனி விரல்களுக்கிடையே கயிறாகத் திரிந்திருந்தது. கை நடுங்கியது.

'இவள்தான்' என்று மேடத்துக்கு உறைத்தது.

"மேடம், ரத்தம் எடுத்துப் பார்த்து, வியாதி இருக்கிறவங்கள வேலைய விட்டு நிறுத்தப் போறாங்கன்னு சொல்றாங்க. என்னை நிறுத்திடாதீங்க மேடம். எனக்கு இருக்கிறது வெறும் நீர்க்கடுப்புதான். ஒட்டுவாரொட்டி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"யாரு சொன்னது ரத்தம் எடுக்கப் போறாங்கன்னு?"

அந்தக் குரலுக்கு ஜெயக்கொடி ஒரு அடி பின்னால் போனாள். மேடம் தன் குரலைத் தானே கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்தவரை தணித்து, "நீர்க்கடுப்பு எப்படி வந்துச்சு?" என்றார்.

"தண்ணி குடிக்கறதில்ல மேடம்."

"ஏன் குடிக்கறதில்ல?"

"குடிச்சா பாத்ரூம் போகணும்ல மேடம்."

"போயேன்."

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். "போன வருஷம் ஆடித் தள்ளுபடி அப்ப, நான் பாத்ரூம்ல இருந்து வந்தப்ப, 'மகாராணி பவனி முடிஞ்சுதா'ன்னு கேட்டீங்க மேடம். கஸ்டமருங்க எல்லாம் சிரிச்சாங்க. அதுலருந்து காலையில வீட்ல போயிட்டு வந்தா, ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான்."

மேடத்துக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது. சொன்னவருக்கு ஒரு விநாடி. கேட்டவள் அன்றிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கிறாள்.

"ஜெயக்கொடி, உண்மையச் சொல்லு. என் குரல் கேட்டா உனக்கு வயிறு கலக்குதா?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "இல்ல மேடம். வயிறெல்லாம் கலக்காது. கை மட்டும்தான் நடுங்கும்."

அப்படியென்றால் இவள் இல்லை. ஆனாலும் மேடத்தால் சும்மா இருக்க முடியவில்லை. வேலை செய்கிறவர்கள் உட்கார ஏதாவது போட வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொல்லி எழிலன் வாங்கிப் போட்ட ஸ்டூல்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. அவற்றின்மேல் மேடம்தான் உள்பாவாடைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கட்டுகளைத் தானே தூக்கித் தரையில் வைத்துவிட்டு, கடையின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் உக்காருங்க!"

அன்பாகத்தான் சொல்ல நினைத்தார். வெளியே வந்தது வழக்கமான குரல். கடையில் இருந்த அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். புடவை வாங்க வந்த ஒரு கிழவியும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை வேறு. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் மாறுகிற இடைவெளியில் கடைக்குள் புகுந்திருந்தது. "ஏம்மா, அந்தச் செவப்புச் சேலைய எடும்மா" என்று ஒரு பெண் கேட்டாள். ஜெயக்கொடி எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே மேல் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

"எழுந்து எடும்மா!"

"மேடம் உக்காரச் சொன்னாங்க" என்றாள் ஜெயக்கொடி. உட்காரச் சொன்னவர் இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லையே.

பத்து நிமிஷத்தில் பாதிக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் பில் மேசையில் நின்று கோதண்டராமனிடம் சத்தம் போட்டார்கள். மேடம் அங்கே ஓடினார். ஐம்பத்தெட்டு வயது கோதண்டராமன் ஒரே பில்லை மூன்றாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார் மேடம்.

கோதண்டராமனின் பேனா நின்றது. இருபது வருஷத்தில் மேடம் அவரை அண்ணே என்று அழைத்ததில்லை. அவர் மெதுவாக எழுந்து, கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாக்களையும் எடுத்து வைத்தார்.

"எனக்கும் தெரியும் மேடம், வயசாயிடுச்சு. பாத்துச் சொல்லி அனுப்புங்க."

"ஐயோ, யாரு உங்கள அனுப்பறாங்க? உக்காருங்க. கூட்டினதையே எதுக்குத் திருப்பித் திருப்பிக் கூட்டறீங்க?"

"ஒரு தடவ தப்பாப் போட்டதுக்கு, 'உங்களப் பெத்ததுக்குப் பதிலா ஒரு கால்குலேட்டரப் பெத்திருக்கலாம்'னு எங்க அம்மாவ இழுத்துட்டீங்க மேடம். அம்மா அப்பத்தான் செத்து பதினாறாம் நாள் முடிஞ்சிருந்துச்சு. அதுலருந்து மூணு தடவ கூட்டிப் பாக்கறேன்."

மேடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இதுவும் ஞாபகம் இல்லை. இல்லை, கொஞ்சம் இருந்தது. எல்லோரும் சிரித்தது ஞாபகம் இருந்தது. நல்ல நகைச்சுவையாகப் பேசிவிட்டோம் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருந்தது.

"ராத்திரியில தூக்கம் வருதா அண்ணே?" என்று மெல்லக் கேட்டார்.

கோதண்டராமன் முகம் வாடியது. "அத ஏன் மேடம் கேக்கறீங்க? தூக்கத்துல 'சரிங்க மேடம், சரிங்க மேடம்'னு சொல்றேனாம். யாரு அந்த மேடம்னு கேட்டு எங்க வீட்ல மூணு மாசமா என்கிட்ட பேசறதில்ல."

"அப்ப நீங்கதானா? தூக்கம் இல்லாதது நீங்கதானா?"

"இல்ல மேடம். நான் நல்லாத் தூங்கறேன். தூங்கறதாலதான் பிரச்சனை."

இவரும் இல்லை. அப்படியானால் ஆனந்தராஜ். ரத்தப் பிரிவு தெரியாததற்கே மன்னிப்புக் கேட்டவன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், வேலையை விட்டுப் போக வழியில்லாதவன். எல்லாம் பொருந்தியது. காத்திருந்தவர்களை அனுப்பி முடிப்பதற்குள் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மேடம் மாடிப்படி ஏறினார்.

சட்டைப் பிரிவில் ஆனந்தராஜ் இல்லை. கையில் ஒரு பேண்ட்டோடு மண்டகப்பட்டு ஊர்க்காரர் ஒருவர் டிரையல் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எம்மா, அரை மணி நேரமா உள்ள யாரோ இருக்கறாங்க. தட்டுனா இருமறாங்க. கதவத் தொறக்க மாட்டன்றாங்க."

மேடம் குனிந்து பார்த்தார். கதவுக்கடியில் ஒரு ஜோடி ஆண்செருப்பு தெரிந்தது. மேடத்தின் நிழல் விழுந்ததும் செருப்பு உள்ளே நகர்ந்துகொண்டது.

ஒரு மனுஷன், நாற்பது வயதுக்காரன், தன் காலடிச் சத்தத்துக்குப் பயந்து டிரையல் ரூமில் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

"ஆனந்தராஜு, வெளிய வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது.

"சீட்டு எழுதுனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தப்பு ஒண்ணும் இல்ல. வெளிய வாப்பா."

பேண்ட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க கெஞ்சறதே அதட்டற மாதிரி இருக்குதும்மா. அவரு எப்படி வெளிய வருவாரு?"

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கீழேயிருந்து ஜெயக்கொடியும் கோதண்டராமனும் சத்தம் கேட்டு ஏறி வந்து படியிலேயே நின்றுவிட்டார்கள். மேடம் அவர்களைப் பார்க்கவில்லை.

"எனக்கு மெதுவாப் பேசத் தெரியாது ஆனந்தராஜு. நான் வேலைக்கு வந்த புதுசுல பெரிய முதலாளி வருவாரு பாரு, அவரு செருப்புச் சத்தம் படியில கேட்டாலே நான் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். ஒரு தடவ, மடிப்பு சரியில்லன்னு துணி அளக்கற கஜக்கோலால முழங்கையில போட்டாரு. வீட்டுக்குப் போய் பஸ்ல இடிச்சிக்கினேன்னு சொன்னேன். அவர மாதிரி இருந்தாத்தான் கடை நடக்கும்னு நெனச்சேன். அவரு என்னை மேனேஜர் ஆக்குனதும், அவரு பேசுனதயே நான் பேசுனேன். இன்னும் கூடவே பேசுனேன்."

கதவுக்குள் ஏதோ அசைந்தது.

"ரெண்டு வருஷம் முன்ன அவரு செத்தப்ப எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா உண்மையச் சொல்றேன், உள்ளுக்குள்ள 'அப்பாடா'ன்னு மூச்சு விட்டேன். நாளைக்கு நான் செத்தா நீங்களும் அப்படித்தான மூச்சு விடுவீங்க? காலையிலருந்து அதான் ஓடிக்கினே இருக்குது. ஜெயக்கொடி தண்ணி குடிக்காம கெடந்திருக்கா. அண்ணனுக்கு அம்மா செத்த பதினாறாம் நாளு... என்னைக் கேட்டா எனக்கு ஞாபகம்கூட இல்ல. வெக்கமா இருக்குது. நீயாவது எழுதுன. மத்தவங்க எழுதக்கூடப் பயந்து நின்னாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். இந்தத் தடவை நிஜமாகவே இறங்கியது.

"ஒரே ஒரு ஒதவி மட்டும் பண்ணு. இது சின்ன முதலாளி காதுக்குப் போவ வேணாம். அவரு நல்ல மனுஷன்தான். பாவம், கடையப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஒரு வார்த்த கேட்டா பதில் வராது. நான் இல்லன்னா கடைய மூடிட்டுப் போயிடுவாரு. அதனாலதான் நான் இருக்கிறேன். அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."

"யாருக்கு மேடம்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மேடம் திரும்பினார்.

படியில், தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு, வேர்க்க விறுவிறுக்க ஆனந்தராஜ் நின்றிருந்தான்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றான் அவசரமாக. "ஜெயக்கொடி அக்காவுக்குத் தண்ணி வேணும்னாங்க. உக்காந்துகினே போய் வாங்க முடியல, அதான் எழுந்துட்டேன்."

மேடம் அவனைப் பார்த்தார். ஜெயக்கொடியைப் பார்த்தார். கோதண்டராமனைப் பார்த்தார். மூவரும் மூடிய கதவைப் பார்த்தார்கள்.

"அப்ப உள்ள யாரு?" என்றார் பேண்ட்டுக்காரர்.

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடும், கையில் தாம்பூலப் பையோடும், நாலு மணிக்கு வர வேண்டிய எழிலன் வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தரையில் உட்கார்ந்திருந்த மேடத்தை நேராகப் பார்க்க முடியாமல், மேடம் தலைக்குமேல் சுவரில் எங்கோ பார்த்துக்கொண்டு, தாம்பூலப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அந்தச் சீட்டு நான் எழுதினதுதாங்க மேடம்... தப்புன்னா சொல்லிடுங்க, நாளையிலருந்து நான் கடைக்கு வரல."